சனிக்கிழமைக் கூலியும் ஐந்தாம் தேதித் தவணையும்

பள்ளிபாளையத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குத் தனி வேகம் வந்துவிடும். தறிப்பட்டறைகளில் வாரக் கூலி கைக்கு வரும் நேரம் அது. மளிகைக் கடையில் வாரக் கணக்கைத் தீர்க்கிறார்கள். கறிக்கடையில் மறுநாளுக்குச் சொல்லி வைக்கிறார்கள். பேருந்துக்கு நிற்கும் ஒரு பெண் நோட்டுகளை எண்ணி, மூன்றாகப் பிரித்து மடித்து, பையில் வெவ்வேறு அறைகளில் வைக்கிறார். ஒன்று குழுவுக்கு, ஒன்று கடைக்கு, மிச்சம் வீட்டுக்கு.

அதே மாவட்டத்தில் நாமக்கல் லாரி ஓட்டுநருக்குச் சனிக்கிழமைக்கு அர்த்தமே இல்லை. அவருக்கு டிரிப்தான் கணக்கு. லாரி உரிமையாளருக்கோ, லோடு ஏற்றும்போது வாடகையில் ஒரு பகுதி முன்பணமாக வரும், மீதி சரக்கு இறங்கி ரசீது திரும்பி வந்த பிறகு. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டவருக்குப் பணம் கண்ணில் பட ஒன்பது பத்து மாதம் ஆகும். முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர் குஞ்சு இறக்கியதிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதம் தீவனத்துக்குக் காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் முதல் முட்டை. செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி வீட்டிலேயே கொலுசு செய்பவர்களுக்கு வேலை முடித்துக் கொடுத்த அளவுக்குக் கூலி. சேலம் உருக்காலை, அரசு அலுவலகம், கல்லூரி என்று மாதம் பிறந்ததும் சம்பளம் ஏறும் வீடுகளும் இருக்கின்றன. பணத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் இந்தக் கடைசி வகை வீடுகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மாதச் சம்பளத்தில் இத்தனை பங்கு சேமி, இத்தனை பங்கு செலவழி என்கிற சூத்திரம் வாரக் கூலிக்காரருக்கும் டிரிப்புக் கணக்குக்காரருக்கும் எந்த ஊர்ச் சூத்திரம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பங்கள் கடனில் அமிழ்வதற்கு வருமானக் குறைவும் வட்டியும் காரணம் என்பது எல்லோரும் அறிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாத காரணம் இன்னொன்று உண்டு. பணம் வரும் நாள் ஒன்று, தவணை கேட்கும் நாள் வேறொன்று. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுகின்றன.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் தறி ஓட்டுகிறார்கள், இருவருக்கும் சேர்த்து வாரம் 6,000 ரூபாய். வீட்டு வாடகை 3,000. பைக் டியூ 2,800. ஒரு குழுக் கடனுக்கு வாரம் 700. இன்னொரு குழுக் கடனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 1,150. நான்கு வாரத்துக்கு வரவு 24,000. கடன் தவணைகளை மட்டும் கூட்டினால் 7,900, அதாவது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகையையும் சேர்த்தால் 10,900. காகிதத்தில் பார்த்தால் இந்த வீடு நன்றாகவே ஓட வேண்டும்.

ஆனால் ஐந்தாம் தேதி வரும் வாரத்தைப் பாருங்கள். வாடகை 3,000, பைக் 2,800, குழு 700, இன்னொரு குழு 1,150. மொத்தம் 7,650. கையில் வந்தது 6,000. அரிசி வாங்கும் முன்னரே 1,650 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த வாரம் பாவு தீர்ந்து, அடுத்த பாவு ஏறும்வரை இரண்டு நாள் தறி நின்றிருந்தால் துண்டு இன்னும் பெரிது. பைக் டியூ தவறினால் அபராதம், வாடகை தவறினால் வீட்டுக்காரர் முகம், குழுத் தவணை தவறினால் தெருவே கூடும். அப்போது ஒரே ஒரு ஆள்தான் கேள்வி கேட்காமல் பணம் தருவார். அவர் தண்டல்காரர்.

தண்டல் என்ன விலை

தண்டல் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த அட்டை, அதில் வரிசையாக நூறு கட்டங்கள். ஒவ்வொரு நாளும் நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டத்தில் கையெழுத்து விழும். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் கொடுப்பது ஒன்பதாயிரம். ஆயிரத்தை முன்னமே பிடித்துக்கொள்வார்கள். “நூறு நாளைக்கு ஆயிரம் ரூபாதானே வட்டி, பத்துக்கு ஒண்ணு” என்று வாங்குகிறவர் நினைக்கிறார். அப்படி இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, பாதி நாள் போகும்போது கையில் பாதிப் பணம்கூட இல்லை, ஆனால் வட்டியோ முழுத் தொகைக்கும் கொடுத்தாயிற்று. முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்பதாயிரத்துக்குப் பதில் 8,500 கொடுத்தால் 120 சதவீதம் அளவுக்குப் போகும்.

தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்பவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தண்டல் ஏன் ஓயவில்லை? பயம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், தண்டல்காரர் தன் வாடிக்கையாளரின் வருமான நாளைச் சரியாகப் படித்துவைத்திருக்கிறார். டீக்கடைக்காரருக்குத் தினமும் காசு வருகிறது, தினமும் வசூல். தறிக்காரருக்குச் சனிக்கிழமை காசு, சனிக்கிழமை இரவே வசூல். வங்கி இந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை. பூ விற்கிற பெண்ணிடமும் மாதம் ஒரு முறை மொத்தமாகக் கட்டு என்றுதான் அது கேட்கிறது. தண்டலை ஒழிக்க நினைக்கும் யாரும் முதலில் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு வருவோம். வாடகைக்கும் பைக்குக்கும் சேர்த்து மாதம் 5,800. இதை நான்கால் வகுத்தால் வாரம் 1,450. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி வந்த இரவே இந்த 1,450 ரூபாயை வீட்டுச் செலவுக் காசோடு கலக்காமல் இன்னொரு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் ஐந்தாம் தேதி அதிலிருந்தே இரண்டும் போய்விடும். இரண்டு வாரத் தவணைக்கு வாரம் 575 எடுத்துவைத்து, வாரத் தவணை 700ஐக் கட்டினால், மீதி 3,275 ரூபாய் அந்த வாரச் செலவுக்கு. எல்லா வாரமும் ஒரே அளவு. வருமானம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, கடனும் குறையவில்லை, ஆனால் தண்டல்காரரைத் தேடிப் போகும் வாரம் இல்லாமல் போகிறது. இதைத் தொடங்குவதற்குத் தேவைப்படுவது, முதல் மாதத்தின் துண்டை ஈடுகட்ட ஒரே ஒரு முறை கொஞ்சம் பணம். தீபாவளி போனஸில் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான் என்பேன். துணிமணி வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் போனஸில் ஒரு வாரக் கூலி அளவுக்கு அந்தத் தனிக் கணக்கில் போய் உட்கார்ந்தால், அடுத்த தீபாவளி வரை அது பல தண்டல்களைத் தடுக்கும்.

குழுவில் இரண்டு வகை

“குழுவுக்குக் கட்டணும்” என்று இங்கே பெண்கள் சொல்லும்போது அது இரண்டில் எது என்று கேட்க வேண்டும். ஒன்று மகளிர் சுயஉதவிக் குழு. அதன் தொடக்கம் நம் பக்கத்து மாவட்டம்தான். 1989இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய திட்டம், தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அன்றைய ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. அதில் பெண்கள் முதலில் தங்கள் சேமிப்பைப் போடுகிறார்கள், அதைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்துக்கொள்கிறார்கள், கட்டும் வட்டி குழுவின் பையிலேயே தங்குகிறது. பிறகு வங்கி அந்தக் குழுவை நம்பிக் கடன் தருகிறது.

இன்னொன்று நுண்கடன் நிறுவனங்களின் குழு. இங்கே சேமிப்பு கிடையாது. நான்கைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குகிறார்கள். வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் ஒன்றுக்குக் கிடைத்த நல்ல பெயர் மற்றதற்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நுண்கடன் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். அடமானம் வைக்க எதுவுமில்லாத பெண்ணுக்கு அது பல நேரம் ஒரே கதவு. ஆனால் அதில் ஒரு விலை வட்டிக் கணக்கில் தெரிவதில்லை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள், பிரசவத்துக்குத் துணை வந்தவள், வசூல்காரியாக மாறி நிற்கிறாள். அந்த உறவு கெட்டால் அதற்கு எந்த நிறுவனமும் ரசீது தருவதில்லை.

ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நுண்கடன் விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவது நுண்கடன். அந்தக் குடும்பம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. இதற்கு மேல் தமிழ்நாடு அரசு 2025இல் கடன் வசூலில் மிரட்டல், அவமதிப்பு ஆகியவற்றைத் தடுக்கத் தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறவரிடம் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து பேசுவதற்கும் தெரியாமல் அழுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பாக்கி

தேதியே கேட்காத கடன் ஒன்று இந்தப் பகுதியில் இருக்கிறது. வட்டியும் கிடையாது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் அதற்குப் பெயர் பாக்கி. வேலைக்குச் சேரும்போது முதலாளி கொடுக்கும் முன்பணம். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஊர் மாரியம்மன் நோம்பி என்று ஒவ்வொரு தேவைக்கும் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏறும். வேலையை விட்டுப் போக வேண்டுமானால் மொத்தத்தையும் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

சசெக்ஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர் கீர்ட் டி நீவ் குமாரபாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, 1999இல் இந்தப் பாக்கியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். 2005இல் வந்த அவருடைய புத்தகமும் இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பற்றியதே. பாக்கியை வெறும் கொத்தடிமை முறை என்று சொல்லி அவர் முடித்துவிடவில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டு பாக்கியை ஏற்றினார்கள். தொழிலாளி புதிய முதலாளியிடம் பெரிய தொகை வாங்கி, பழைய முதலாளிக்கு அடைத்துவிட்டு மாறினார். சிலர் கட்டாமலேயே ஊரை விட்டுப் போனார்கள். கொடுத்த பணம் திரும்பாமல் முதலாளிகளும் தவித்தார்கள். கட்டிவைப்பதற்காகக் கொடுத்த பணம் சில நேரம் கட்டுகளை அவிழ்க்கவும் உதவியது. நுட்பமான பார்வை அது. பாக்கியை ஒழித்தே ஆக வேண்டும் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தறித் தொழிலாளிக்கு ஒரே நாளில் பெருந்தொகை கொடுக்கும் வேறு யாரும் அந்த ஊரில் இல்லை.

ஆனாலும் குடும்பத்தின் கணக்கில் பாக்கியை வட்டியில்லாக் கடன் என்று எழுதிக்கொள்வது தவறு. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குச் சில காசுகள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். பாக்கி இருப்பவர் போக முடியாது. வாரம் 200 ரூபாய் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 10,400. ஐம்பதாயிரம் பாக்கிக்கு அது 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. போதாததற்கு, ஷிப்டு நேரத்தைப் பற்றிப் பேச முடியாது, லீவு கேட்கக் கூச்சம், பையனைப் படிக்க வைக்காமல் தார் சுற்றக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துப் பேசத் தயக்கம். தேதி கேட்காத கடன் என்றைக்கும் முடிவதில்லை. பாக்கி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாரம் நூறோ இருநூறோ கூலியில் பிடித்துக்கொள்ளும்படி முதல் நாளே பேசி, நோட்டில் எழுதி, மீதித் தொகைக்கு எதிரே முதலாளியிடம் மாதா மாதம் கையெழுத்து வாங்க வேண்டும். கூச்சப்பட்டால் அந்தத் தொகை பத்து வருஷம் கழித்தும் அப்படியே நிற்கும்.

எல்லாத் தவணைகளும் ஒரே வாரத்தில் வந்து மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பகுதி கொடுத்திருக்கும் பதிலை எழுதுவதற்கே கை நடுங்குகிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. சுகாதாரத் துறை விசாரித்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. ஆனால் இந்த ஊர்ப் பெயர் இப்படிச் செய்தியில் வருவது இது முதல் முறையும் இல்லை. தரகர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். கடன் நெருக்கும் வீடுகளைத் தேடித்தான் போகிறார்கள். தரகரைக் கைது செய்வது அவசியம். அதோடு அந்த வீட்டின் தவணைக் கணக்கையும் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நமக்கு அந்த வேலையைச் செய்யும் அமைப்பு இன்னும் இல்லை.

டியூ கட்டுகிற ஊர்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் கடனின் முகமே வேறு. லாரி, டேங்கர், போர்வெல் வண்டி என்று இந்த ஊர்கள் எழுந்ததே கடனில்தான். கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பழைய வண்டி ஒன்றை வாங்கி உரிமையாளரானவர்களின் ஊர் இது. பழைய லாரிக்கு வங்கிகள் முகம் திருப்பிய காலத்தில், 1979இல் சென்னையில் ஆர். தியாகராஜன் முதலியோர் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள்தான் அந்த ஓட்டுநரை நம்பின. சம்பாதித்துக் கொடுக்கும் பொருளுக்கு வாங்கிய கடன், சாப்பாட்டுக்கு வாங்கிய கடனைப் போல அல்ல என்பதை நாமக்கல் நாட்டுக்கே காட்டியிருக்கிறது.

அங்கேயும் சறுக்கும் இடம் தேதிதான். டியூ மாதா மாதம் ஒரே நாளில் நிற்கிறது. வாடகையின் மீதியோ ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளி வருகிறது. காலாண்டு வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், டயர் என்று மாதக் கணக்கில் வராத பெருஞ்செலவுகள் இடையில் வந்து நிற்கும். வண்டி வாங்குகிறவர் பெரும்பாலும் டியூவை மட்டும் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்து இறங்கிவிடுகிறார். அனுபவப்பட்ட உரிமையாளர்கள் கேட்கிற கேள்வி வேறு: “லோடு இல்லாம ரெண்டு மாசம் வண்டி நின்னா டியூ கட்ட முடியுமா?” முடியாது என்றால் முன்பணம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு வருஷம் ஓட்டுநராகவே இருந்து சேர்த்துவிட்டு வாங்கலாம். வண்டி தூக்கப்பட்ட பிறகு கட்டிய டியூவும் போய், முன்பணமும் போய், ஓட்டுநர் சீட்டுக்கே திரும்புவதைவிட அந்த ஒரு வருஷம் மலிவு.

காத்திருக்கக் கிடைத்த வசதி

நாள் பொருந்தாமைக்குக் கூட்டாகத் தீர்வு கண்ட ஒரு கதையும் சேலத்தில் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் சரக்கை ஆக்கியதும் கையில் காசில்லாமல், கிழங்குக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1981இல் சேகோசர்வ் என்று எல்லோரும் அழைக்கும் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கும் அதன் கிடங்கில் சரக்கை வைக்கலாம், வைத்த சரக்கின்மேல் முன்பணம் வாங்கலாம், விலை வரும்போது ஏலத்தில் விற்கலாம். சரக்கின் தரத்தையோ ஊரின் உழைப்பையோ அது மாற்றவில்லை. அவசரத்தை மட்டும் நீக்கியது. அந்தச் சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தனி வீட்டுக்கு இந்த வேலையைச் செய்வது நகை. நம் வீட்டுப் பெண்கள் தங்கத்தை ஏன் விடுவதில்லை என்று படித்தவர்கள் வியப்பார்கள். பத்து மாதப் பயிருக்கும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவில் அந்த இரண்டு சவரன்தான் பாலம். தனியார் பள்ளிகளுக்குப் பெயர்போன நாமக்கல், ராசிபுரத்தில் மே கடைசியில் நகைக்கடன் கவுன்ட்டர்களில் கூட்டம் நிற்பது தற்செயல் இல்லை. விவசாயி என்றால் முதலில் போக வேண்டிய இடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. அதை விட்டுவிட்டு நகையை வைக்க வேண்டியதில்லை.

நகை வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 2026 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. இரண்டரை லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு 12 மாதம்தான் கெடு. கடன் தீர்ந்தால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. விதி 85 வரை அனுமதிக்கிறது என்பதற்காக 85 வாங்க வேண்டியதில்லை. தங்கம் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கவுன்ட்டரில் சொல்லும்போது பலர் தலையாட்டிவிடுகிறார்கள். நகை மூழ்குவது பெரும்பாலும் இப்படிக் கூட வாங்கிய பணத்தால்தான். தேவை 40,000 என்றால் 40,000 வாங்கி, பயிர்ப்பணம் வருகிற மாதத்தைத் திருப்பும் மாதமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீட்டுக்கும் மோசடிக்கும் நடுவே

ஏலச்சீட்டு நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேமிப்பும் கடனும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. அவசரம் உள்ளவர் தள்ளி எடுக்கிறார், காத்திருப்பவருக்குக் கழிவு கிடைக்கிறது. 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் முன்அனுமதி வாங்க வேண்டும், பிணை கட்ட வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நடத்துகிறவரின் கமிஷன் 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. நாம் கேட்க வேண்டியது பதிவுத் துறை கொடுத்த சீட்டின் எண். “நம்ம ஆளு, பத்து வருஷமா நடத்துறாரு” என்பது பதிலாகாது. பத்து வருஷம் ஒழுங்காக நடத்தியவர் பதினோராம் வருஷம் ஊரை விட்டுப் போன கதை எந்தத் தெருவில் இல்லை?

சீட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்து பெரிது. பெருந்துறையில் ஈமு கோழிக்கு ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் தருகிறோம், வளர்க்க மாதா மாதம் பணமும் தருகிறோம் என்ற திட்டம் 2012 ஆகஸ்டில் சரிந்தபோது கொங்கு நாடு முழுக்க அழுதது. 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிறுவனருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அப்புறமும் 2025 ஜனவரியில் சேலம் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு மாதத்தில் இரட்டிப்பு என்று பணம் வாங்கிய அறக்கட்டளை ஒன்றைப் போலீஸ் சோதனையிட்டது. கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈமுக் கோழியில் மக்களை இழுத்தது மாதா மாதம் தவறாமல் பணம் என்ற வாக்குறுதி. மழையையும் மின்வெட்டையும் நூல் விலையையும் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்களுக்கு அதைவிட இனிப்பான சொல் எது? அந்த ஆசை நியாயமானது. அதைத் தீர்க்கும் இடம்தான் தவறு. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டுத் தொடர் வைப்பு உண்டு. பெண் குழந்தைக்கு 10 வயதுக்குள் செல்வமகள் கணக்கு தொடங்கி ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து போடலாம், மாதா மாதம்தான் என்ற கட்டாயம் இல்லை. கிழங்கு வெட்டிய மாதத்தில் மொத்தமாகப் போடலாம்.

எந்தக் கணக்கையும் ஒரு நோயோ விபத்தோ அழித்துவிடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு உள்ளவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. விசைத்தறிக்காரர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன, பதிவுக்குக் கட்டணம் இல்லை. இவற்றை வாங்கி வைக்காமல் குழுக் கடனுக்கு ஓடுகிற வீடுகள் இன்னும் ஏராளம்.

ஐந்தாவது சனிக்கிழமை

வாரக் கூலிக்காரருக்கு மாதச் சம்பளக்காரருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு என்று பன்னிரண்டு மாதத்துக்கு 48 போக, நான்கு வாரக் கூலி மிச்சம். 2026 நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஜனவரி, மே, ஆகஸ்டு, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வருகின்றன. வாடகையும் மாத டியூவும் நான்கு சனிக்கிழமைகளிலேயே எடுத்து வைத்தாகிவிட்டதால், ஐந்தாவது வாரக் கூலிக்கு மாதக் கடமை எதுவும் இல்லை. மேயில் வருவது ஜூன் பள்ளிக் கட்டணத்துக்கு. ஆகஸ்டில் வருவது ஆடிக்கு வாங்கிய கைமாற்றை அடைக்க. அக்டோபரில் வருவது நவம்பர் 8ஆம் தேதி தீபாவளிக்கு. ஜனவரியில் வருவதைத் தொடவே வேண்டாம், அது தறி நிற்கிற வாரத்துக்கு.

இன்னொன்று, 2022 நுண்கடன் விதிகளிலேயே இருந்தும் யாரும் கேட்காதது. கடன் வாங்குகிறவரின் தேவைக்கு ஏற்பத் தவணை இடைவெளியை அமைத்துத் தரும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வாரம், இரண்டு வாரம், மாதம் என்று எது தனக்கு ஒத்துவரும் என்று கேட்டுப் பெறலாம். சில்லறைக் கடன்களுக்கு 2024 அக்டோபர் முதல் முக்கிய விவர அறிக்கை என்ற ஒரு தாளையும் நமக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். ஆகவே அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன், அந்தத் தாளைக் கேளுங்கள், ஆண்டு சதவீதத்தைப் பாருங்கள், பிறகு வந்திருக்கும் அலுவலரிடம் சொல்லுங்கள்: “எங்களுக்குச் சனிக்கிழமை கூலி. ஞாயித்துக்கிழமைத் தவணையாப் போட்டுக் குடுங்க.” மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். நிறுவனத்திலேயே புகார் எழுதிக் கொடுத்து, முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படிப் போவது என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.